கிட்னி கல் வந்தவர்கள் காய்கறியையே நிறுத்திவிட வேண்டுமா?

கேட்டவர்: கரும்பலகை

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை, வயது 38. இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு வலது பக்கச் சிறுநீர்க் குழாயில் 5 மி.மீ. கல் வந்து அடைத்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்கு விலாவுக்குக் கீழே ஆரம்பித்த வலி, விடிவதற்குள் அடிவயிறு வரை இறங்கிவிட்டது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன். பிரசவ வலி மாதிரி என்று சொல்வார்கள். இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், அதில் மிகையில்லை.

பதினோராவது நாள் கல் தானாக வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி வடிகட்டியில் பிடித்து லேபுக்குக் கொடுத்தேன். கால்சியமும், கீரை போன்ற உணவுகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உருவாகும் கால்சியம் ஆக்சலேட் கல் என்று ரிப்போர்ட் வந்தது.

என் கேள்வி இனிமேல்தான். கல் வருவதற்கு முன் ஏழு மாதமாக நான் தினமும் காலையில் ஒரு பச்சைச் சாறு குடித்துவந்தேன். இரண்டு கைப்பிடி பச்சைப் பசலைக்கீரை, பாதி பீட்ரூட், ஒரு கை பாதாம், எல்லாவற்றையும் அரைத்து ஒரு பெரிய டம்ளர். உடம்பு இளைக்க வேண்டும், ரத்தம் ஊற வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். அதே சமயம் பாலையும் தயிரையும் விட்டுவிட்டேன். மாமியாருக்கு முன்பு கல் இருந்தது. "கால்சியம் சேர்ந்தால்தான் கல்" என்று அவர் சொல்லக் கேட்டிருந்ததால் பயம்.

கல் வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஒருவர் கீரையே வேண்டாம் என்றார். இன்னொருவர் தக்காளி விதைதான் கல்லாகிறது என்றார். முட்டைக்கோஸ் கூடாது, காலிஃப்ளவர் கூடாது, கத்தரி கூடாது. எல்லாப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சியது ஒன்றுமில்லை. அதனால் காய்கறியையே நிறுத்திவிட்டேன். இரண்டு மாதமாக முட்டை, கோழி, மாவுப் பண்டம், இவ்வளவுதான். மலச்சிக்கல் வந்துவிட்டது. மறுபடி அந்த வலி வருமோ என்ற பயத்தில் ஒரு வெள்ளரித் துண்டை வாயில் வைக்கக்கூட யோசனையாக இருக்கிறது.

டாக்டர் "தண்ணீர் நிறையக் குடியுங்கள், கீரையைக் குறையுங்கள்" என்றதோடு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். எந்தக் காயைச் சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வெள்ளை_மேகம்

கவலைப்படாதீர்கள் சகோதரி. காய்ச்சாறு குடித்தால் கல் கரைந்துவிடும். என் சித்தப்பாவுக்கு 3 மி.மீ. கல் இருந்தது. தினமும் வெறும் வயிற்றில் பூசணிச் சாறு குடித்தார். பத்து நாளில் ஸ்கேன் எடுத்தால் கல்லைக் காணோம். காய்கறி எப்போதும் நல்லதுதான், நிறுத்தாதீர்கள்.

பதில் 2: நெடுஞ்சாலை_49

டீச்சர், உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இப்போது செய்வதை நானும் இரண்டாவது கல்லுக்கு அப்புறம் செய்தேன். அதனால்தான் எனக்கு மூன்றாவது கல் வந்தது என்று நம்புகிறேன்.

நான் நீண்ட தூர லாரி ஓட்டுநர். பதினொரு வருடத்தில் நான்கு கல். முதல் இரண்டும் தானாக வந்தன. மூன்றாவது 9 மி.மீ., நகரவே இல்லை. உள்ளே குழாய் விட்டு லேசரில் உடைத்தார்கள். அதற்கு அப்புறம் மூன்று வாரம் சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு தடவை ஒன்றுக்குப் போகும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான்காவது சின்னது. அது வந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு அப்புறம் இன்றுவரை புதுக் கல் இல்லை, போன மாதம்கூட ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் மேலே எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் சித்தப்பா குணமானதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் 3 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும், சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும். கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தக் காய்ச்சாறும் கரைக்காது. உருவான கல் வெளியே வர வேண்டும், இல்லையென்றால் உடைத்து எடுக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் மூன்றாவது கல்லைச் சாறு குடித்துக் கரைக்கலாம் என்று ஆறு வாரம் காத்திருந்தேன். அதற்குள் அந்தப் பக்கக் கிட்னி வீங்கிவிட்டது. யூரிக் அமிலக் கல் மட்டும் வேறு ரகம். சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் அது கரையும், அதற்கும் டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காய்கறி செய்யும் வேலை வேறு. அது அடுத்த கல் உருவாகாமல் தடுக்கப் பார்க்கும்.

இது எனக்குப் புரிந்தது 24 மணி நேர யூரின் டெஸ்ட் எடுத்தபோதுதான். ஒரு பெரிய கேனில் ஒருநாள் முழுக்கச் சேர்க்க வேண்டும். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை. லாரியில் அதைச் செய்ய முடியாது என்று ஒருநாள் லீவு போட்டேன். ரிப்போர்ட்டில் நான் பயந்த ஆக்சலேட் 36 மி.கி.தான், அது சரியான அளவுக்குள். சிக்கல் மற்ற மூன்றில் இருந்தது. நாள் முழுக்கப் போன சிறுநீர் வெறும் 1.1 லிட்டர். சிட்ரேட் 190 மி.கி., இருக்க வேண்டியதில் பாதிதான். உப்பு ஏகத்துக்கு.

சிட்ரேட் என்றால் என்ன என்று அந்த டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு திரிகின்றன. சிட்ரேட் இடையில் புகுந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஆக்சலேட்டுக்கு ஜோடி குறைகிறது. மீறிச் சின்னப் படிகம் உருவானாலும், அது வளரவிடாமலும் சிட்ரேட் தடுக்கிறது. சரி, அந்தச் சிட்ரேட் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, காயும் பழமும், அதிலிருந்துதான்" என்றார். காய்கறியில் பொட்டாசியத்தோடு சேர்ந்து காரத்தன்மை உள்ள உப்புகள் இருக்கின்றன. அவை உடம்பின் அமிலச் சுமையைக் குறைக்கும்போது கிட்னி சிட்ரேட்டை வெளியே விடுகிறது. கோழி, கறி, முட்டை, மீன் இதற்கு நேர் எதிர். அமிலச் சுமை ஏறினால் கிட்னி சிட்ரேட்டைத் தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்கிறது. அதோடு சிறுநீரில் கால்சியமும் கூடுகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்தது. இரண்டு வருடம் கறியும் முட்டையும் தின்று, காயைத் தொடாமல், "பத்தியம் இருக்கிறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். உங்கள் தட்டும் இப்போது அப்படித்தான் இருக்கிறது டீச்சர். தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள்.

நான் சாப்பிடுவதைச் சொல்கிறேன். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், வெள்ளரி, பூசணி, வெங்காயம், பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, காளான். இவற்றில் ஆக்சலேட் மிகக் குறைவு, கணக்குப் பார்க்கவே தேவையில்லை. கேரட்டும் தக்காளியும் தாராளமாக. மதியமும் இரவும் தட்டில் பாதி காயாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வண்டியில் ஒரு டப்பாவில் வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி வைத்துக்கொள்வேன். வெள்ளரி முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே, தூக்கம் வரும்போது கடிக்கவும் நன்றாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நானும் நீங்களும் ஒரே சாதி. ஓட்டுநருக்கு நிறுத்த இடம் கிடைக்காது, ஆசிரியருக்கு வகுப்பை விட்டு வர முடியாது. அதனால் குடிப்பதையே குறைத்துவிடுகிறோம். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள்?

பதில் 3: உணவு_ஆலோசகர்

நான் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். கல் வந்தவர்களிடம் தினமும் பேசுகிற வேலை. நெடுஞ்சாலை அண்ணன் எழுதியது சரி. ஆசிரியை கேட்டதற்குச் சில விவரங்களை மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் பச்சைச் சாற்றைப் பார்ப்போம். ஆக்சலேட் அதிகமுள்ள உணவுகள் என்று எழுதச் சொன்னால் பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம் மூன்றும் முதல் வரிசையில் வரும். வேகவைத்த பசலைக்கீரை அரைக் கப்பில் மட்டும் 700 மி.கி.க்கு மேல் ஆக்சலேட் உண்டு. ஆக்சலேட்டைக் கட்டுப்படுத்தச் சொல்லும்போது நாங்கள் ஒரு நாள் முழுவதற்கும் வைக்கும் அளவே 100 மி.கி.க்குப் பக்கம்தான். அதே அரைக் கப் முட்டைக்கோஸிலோ காலிஃப்ளவரிலோ ஓரிரு மில்லிகிராம்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். கீரை என்றால் எல்லாம் ஒன்று, காய் என்றால் எல்லாம் ஒன்று என்று பட்டியல் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்கக்கூடியது ஒரு கீரையும் ஒரு கிழங்கும் ஒரு கொட்டையும். அதற்காக மற்ற முப்பது காய்களைத் தண்டித்துவிட்டீர்கள்.

அடுத்தது நீங்கள் பாலையும் தயிரையும் விட்டது. என் கணிப்பில் சாற்றைவிட இதுதான் பெரிய தவறு, ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் மருத்துவர்களே கால்சியத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஆக்சலேட் உணவோடு குடலுக்குள் வரும்போது அங்கே கால்சியம் இருந்தால் இரண்டும் குடலிலேயே சேர்ந்து மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் ஏறி, கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். 1993-ல் அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. 2002-ல் இத்தாலியில் மறுபடி மறுபடி கல் வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. 60 பேருக்கு வழக்கமான அளவு கால்சியம், கூடவே இறைச்சிப் புரதமும் உப்பும் குறைவு. முதல் பிரிவில் 23 பேருக்கு மறுபடி கல். இரண்டாவது பிரிவில் 12 பேருக்குத்தான்.

ஆகவே சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் தயிர் அல்லது ஒரு டம்ளர் பால். சாப்பாட்டோடு என்பதைக் கவனியுங்கள், படுக்கப் போகும்போது தனியாகக் குடிப்பதில் இந்தப் பலன் இல்லை. கால்சியம் மாத்திரை வேறு விஷயம், அதை டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான். தினமும் 1000 மி.கி. விழுங்கினால் அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஆக்சலேட்டாகவே மாறும்.

காயை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே இத்தாலியர்கள் சோதித்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், கல் இல்லாத ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் காயும் பழமும் தொடாமல் இருக்கச் செய்தார்கள். சிறுநீரில் ஆக்சலேட் குறைந்தது உண்மை. ஆனால் சிட்ரேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கூடவே விழுந்தன, கால்சியம் ஏறியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கல் உருவாகும் வாய்ப்பு அதிகரித்தது. உங்கள் இரண்டு மாதத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சமைக்கும் முறையும் முக்கியம். கரையக்கூடிய ஆக்சலேட் தண்ணீரில் இறங்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கணிசமாகக் குறையும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு குறையாது. பச்சையாக அரைத்துக் குடித்தால் எதுவுமே குறையாது. அதோடு, மென்று சாப்பிட்டால் இரண்டு வாயில் போதும் என்று தோன்றுகிற கீரையைச் சாறாக்கினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பச்சைச் சாற்றை அளவில்லாமல் குடித்து ஆக்சலேட் படிந்து கிட்னியே பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பசலைக்கீரையைப் பொறுத்தவரை வேகவைத்தாலும் மிச்சம் அதிகம் என்பதால், உங்களுக்கு அதை விட்டுவிடவே சொல்வேன். உருளைக்கிழங்கு, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு இவை நடுவில் இருப்பவை. எப்போதாவது, அளவாக, தயிரோடு.

ஒரு எச்சரிக்கை. இது அத்தனையும் கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு. கால்சியம் பாஸ்பேட் கல்லும், தொற்றினால் வரும் கல்லும் காரத்தன்மை கூடிய சிறுநீரில் வளர்பவை. அவர்களுக்கு ஆலோசனை வேறு. கல்லைப் பிடித்து லேபுக்குக் கொடுத்தீர்களே, பலர் செய்யாத வேலை அது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது.

பதில் 4: மூத்தமகள்

இங்கே படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவுக்குக் கல்லோடு கிட்னி செயல்பாடும் குறைவு. கல்லுக்குக் காய்கறி நல்லது என்று எங்கோ படித்துவிட்டு நான் அம்மாவுக்குக் காயும் சூப்பும் காய்ச்சாறுமாகக் கொடுத்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் 6.1 ஏறி, இதயத் துடிப்பு மாறி, அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் இருந்தார். நல்லது என்று நினைத்து என் கையாலேயே கொடுத்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) அதிகம் உள்ளவர்கள், சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் பொட்டாசியம் பார்த்துவிட்டு எந்தக் காய் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு இப்போது காயை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், அதுவும் சொன்ன அளவில்.

கேட்டவர்: கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. மூத்தமகள், உங்கள் பதிவைப் பார்த்ததும் என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கிரியாட்டினின் 0.8, பொட்டாசியமும் சரியாக இருக்கிறது. அம்மா நலமாக இருக்கட்டும்.

நெடுஞ்சாலை அண்ணா, தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். நேற்று வேலைநாளில் அளந்து பார்த்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர். பள்ளியில் ஆறு பீரியட், இடையில் அரை பாட்டில். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர். மொத்தம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். காரணம் நீங்கள் சொன்னதேதான். நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் தாகத்தை அடக்கப் பழகிவிட்டேன். பதினான்கு வருடப் பழக்கம். கீரையை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று இப்போது தோன்றுகிறது.

உணவு ஆலோசகர் அவர்களுக்கு இரண்டு கேள்வி. தக்காளி விதையால் கல் வருமா? என் கல்லும் தக்காளி விதை மாதிரியேதான் இருந்தது, அதனால் மனதில் அந்தச் சந்தேகம் போகவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, கல்லுக்கு நல்லது என்று சொல்கிறார்களே, எலுமிச்சை. அதுவே புளிப்பாயிற்றே, அது எப்படிச் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும்?

பதில் 5: உணவு_ஆலோசகர்

நியாயமான சந்தேகம். விதை வயிற்றுக்குள் போனால் குடல் வழியாக மலத்தில்தான் போகும். கிட்னிக்குப் போக அதற்கு வழியே கிடையாது. ரத்தத்தில் கரைந்தவை மட்டுமே கிட்னியைச் சேரும். கல் விதையைப் போல இருப்பது உருவ ஒற்றுமை மட்டும்தான். நடுத்தரத் தக்காளி ஒன்றில் ஆக்சலேட் ஏழெட்டு மில்லிகிராம். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம், அதாவது சிட்ரேட்டின் அமில வடிவம். அதில் ஒரு பகுதி சிட்ரேட்டாகச் சிறுநீருக்கு வருகிறது. புளிப்பைக் குறைப்பதில் அது பொட்டாசியம் சிட்ரேட் மருந்தின் அளவுக்கு வேலை செய்யாது. ஆனால் தண்ணீரைக் குடிக்க வைக்கும், அது பெரிய உதவி. சர்க்கரையும் உப்பும் போடாமல் பிழிந்துகொள்ளுங்கள்.

உப்பு என்றதும் நினைவு வருகிறது. காய் சாப்பிடுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் அடுத்த கேள்வி, "எவ்வளவு உப்புப் போட்டு?" சோடியம் வெளியே போகும்போது கால்சியத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். ஊறுகாயாகப் போட்ட காயும் உப்பு தூவிய காய் சிப்ஸும் இந்தக் கணக்கில் காயே இல்லை.

பதில் 6: நெடுஞ்சாலை_49

டீச்சர், தண்ணீருக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். குடிப்பதை அளக்காதீர்கள், போவதை அளந்து பாருங்கள். சிறுநீர் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும் என்பார்கள். வெயிலில் வியர்த்தால் அதற்கு மூன்றரை லிட்டர் குடித்தாலும் போதாது. நிறத்தைப் பாருங்கள், வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கெட்டியான மஞ்சளாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பாட்டில் குடித்துவிடுவேன்.

அப்புறம், ராத்திரி. தூக்கத்தில் ஏழு எட்டு மணி நேரம் சிறுநீர் கெட்டியாகிறது. என் முதல் இரண்டு வலியும் உங்களைப் போலவே விடிகாலையில்தான் வந்தன. படுக்கும் முன் ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் அரை டம்ளர். தூக்கம் கெடும்தான். நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். வெட்கப்படாதீர்கள். இரண்டு பீரியடுக்கு ஒரு தடவை பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளக் கூடாதா? நானும் என் முதலாளியிடம் சொல்லத் தயங்கி இரண்டு கல்லை வாங்கிக்கொண்டேன். சொன்ன பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஓய்வு நேரத்தைக் கூட்டித்தான் கொடுத்தார்.

காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றாலோ, வாந்தி நிற்காமல் எதுவும் உள்ளே தங்கவில்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போது காயும் இல்லை, சாறும் இல்லை, நேராக ஆஸ்பத்திரிதான்.

கேட்டவர்: கரும்பலகை (நான்கு மாதம் கழித்து)

இந்தப் பக்கம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 24 மணி நேர யூரின் டெஸ்ட் போன வாரம் எடுத்தேன். மொத்த அளவு 2.2 லிட்டர். ஆக்சலேட் 29, சிட்ரேட் 520. இரண்டும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். சோடியம்தான் இன்னும் அதிகம். உப்பைக் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கொறிக்கும் சிப்ஸ் பாக்கெட்தான் காரணம்.

இப்போது மதியச் சாப்பாட்டில் ஒரு கப் காய், ராத்திரி ஒரு கப். முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கினால் சின்னவன்கூடச் சாப்பிடுகிறான். காலிஃப்ளவரும் பட்டாணியும் ஒருநாள், பூசணி ஒருநாள், வாரத்தில் இரண்டு நாள் காளான். தக்காளி தினமும், விதையோடு. மதியம் தயிர் கட்டாயம். கோழி வாரம் இரண்டு தடவையாகக் குறைந்தது. மலச்சிக்கல் பத்தே நாளில் சரியாகிவிட்டது. பாதாமை விட்டதுதான் கஷ்டமாக இருந்தது, எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆலோசகர் அவர்களே, நான்கு பாதாமைத் தயிரோடு சாப்பிட்டால் பரவாயில்லையா?

தலைமை ஆசிரியரிடம் பேசினேன். நான் வாய் திறந்ததும், "எனக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறது" என்றார். இப்போது ஆசிரியர் அறையில் ஒரு பெரிய தண்ணீர்க் கேன் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பீரியடும் நான்காவது பீரியடும் முடிந்ததும் பக்கத்து வகுப்பு ஆசிரியை என் கதவருகே வந்து நிற்கிறார். நான் போய்விட்டு வந்ததும், அவர் வகுப்பு வாசலில் நான் நிற்கிறேன்.